உன் மகன் வாசிக்காத கடிதம்

என் ராசாத்தி அக்கா,

இந்தக் கடிதத்தை உன் மகன் முருகேசன் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நானே வாசிக்கிறேன், நீ கேட்டால் போதும்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து மாதம் தவறாமல் உன் பேரில் வந்த கடிதமெல்லாம் அவன் எழுதியதுதான். 'அம்மா சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்கள்.' விளாத்திகுளத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதை நம்பினேன். எங்க அக்கா மகன் மாதிரி உண்டா என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் உங்கள் ஊருக்கு வந்தபோது உன் முழங்கை கன்றிப்போயிருந்தது. என்னவென்று கேட்டேன். நீ வாய் திறக்கும் முன்னே அவன் சொன்னான்: "பம்பு கைப்பிடி அடிச்சிட்டு, சித்தி."

"ஆமாட்டி" என்றாய் நீயும். அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு உன்னைத் தனியாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆனால் உனக்கும் சொல்லத் தோன்றவில்லையா? நான் யார் உனக்கு?

கடைசியில் நீ போன பிறகு, உன்னைக் குளிப்பாட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பெண்கள் சுற்றிச் சேலையை மறைப்பாகப் பிடித்திருக்க, உன் முதுகைப் பார்த்தேன். பழைய தழும்புக்கு மேலேயே புதுக் காயம். சேலை பிடித்திருந்த பெரியம்மா, "மூடுட்டி, ஊரு சிரிக்கும்" என்றாள். மூடிவிட்டேன். வெளியே அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாவி, அவன் செய்தது துரோகம் என்றால் நான் செய்ததற்கு என்ன பெயர், அக்கா?

இங்கே பக்கத்து வீட்டில் சுப்பம்மா மதினி இருக்கிறாள். அவளிடம் எதைக் கேட்டாலும் மகன்தான் பதில் சொல்கிறான். எனக்கு அந்தப் பம்பு கைப்பிடிதான் நினைவுக்கு வந்தது. புஞ்சையில் மிளகாய்ப் பழம் பறிக்கும்போது பக்கத்தில் போய்க் கேட்டேன்: "மதினி, இங்கன அவன் இல்ல. அடிக்கானா?"

அழுதாள். "வெளிய சொல்லிராதம்மா. கஞ்சியும் ஒரு நேரந்தான் ஊத்துதான்."

"சொல்லாமத்தான் எங்க அக்காவ வாரிக்குடுத்தேன்" என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டிச் சான்று எழுதி வாங்கினோம். இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் மகன் மேல் கொடுக்கப்போகும் மனுவை நான் எழுதினேன். இரண்டு தடவை வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் கைநாட்டு வாங்கினேன். திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம்.

என் பையில் இன்னொரு மனுவும் இருக்கிறது. உன் முதுகில் பார்த்ததை எழுதி, முருகேசன் பெயரைப் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சித்தி என்று அவன் வந்து காலைப் பிடித்தாலும் கிழிக்க மாட்டேன்.

இனி மூட மாட்டேன் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லத்தாய்