அக்காவின் ஏழாவது வரி

ஜூன் 3, செவ்வாய்

இருபது வருஷம் கோரஸில் நின்ற அக்காவுக்கு முதல்முறையாகத் தனிப்பாட்டு. பதிவு செய்தது நான்தான். பாட்டு அருமை, ஏழாவது வரியைத் தவிர. மேலே ஏறும் இடத்தில் 'நெடுந்தூரம்' என்ற சொல்லில் குரல் பிசிறிவிட்டது. முழுசாக மறுபடி பாடட்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாடவைக்கிறேன் என்கிறார் இசையமைப்பாளர்.

ஜூன் 4, புதன்

முழுசாகப் பாட முடியாது. தொண்டையில் முடிச்சு, திங்கட்கிழமை ஆபரேஷன். அதுவரை குரலை வருத்தக் கூடாதாம். அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். வெளியே தெரிந்தால் பாட்டு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

அந்த வரிக்கு மட்டும் பஞ்ச்-இன் செய்கிறேன் என்று இசையமைப்பாளரிடம் சொன்னேன். பாட்டை ஓடவிட்டு, பிழை வரும் இடத்தில் மட்டும் ரெக்கார்டு பட்டனைத் தட்டிப் புதிதாகப் பதிந்துகொள்வது. "ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும்மா. என் காதுக்குத் தெரிஞ்சிடும்," என்றார். வெள்ளி மாலைவரை தவணை.

பார்த்துவிடலாம்.

ஜூன் 5, வியாழன்

சொதப்பல். அந்தச் சொல்லை மட்டும் மாற்றப் பார்த்தேன். சுருதி சரி, தாளம் சரி — ஆனால் யாரோ நடுவில் புகுந்து ஒரு சொல் பாடிவிட்டுப் போன மாதிரி. முந்தின மூச்சு வேறு பாதியில் அறுந்துவிட்டது. பழையது அழிந்துவிட்டதோ என்று அக்காவுக்குப் பதற்றம். அழியாது, கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பதினைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. சொந்த அக்காவுக்கு ஒரு வரி ஒட்டத் தெரியாதா எனக்கு?

ஜூன் 6, வெள்ளி

முடித்துவிட்டேன்.

காலையில் பல் தேய்க்கும்போது பிடிபட்டது. முதலில் பதிந்த அன்று, அந்த வரிக்கு வருவதற்குள் அக்கா பாட்டில் ஊறியிருந்தாள். நேற்று வெறும் தொண்டையோடு வந்து நின்றாள். ஆமாம், நின்றாள்! அன்று முட்டிவலி என்று உட்கார்ந்தல்லவா பாடினாள்?

உட்காரவைத்தேன். நாலு வரி முன்னாலிருந்து ஓடவிட்டு, பழைய குரலோடு சேர்ந்து மெல்லப் பாடிக்கொண்டே வரச் சொன்னேன். "சொல்லுக்கு இல்ல, மூச்சுக்கு முன்னாடியே தட்டிடுவேன். என்னைப் பாக்காத. நீ பாட்டுக்கு பாடிட்டே போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் உயர்ந்தது. தட்டினேன். மூச்சு, வரி, அடுத்த மூச்சு — நிறுத்தினேன். ஒரே தடவை. பிறகு புதுத் துண்டின் இரண்டு முனைகளையும் மயிரிழை அளவுக்குப் பழையதன்மேல் ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

மாலை இசையமைப்பாளர் கண்ணை மூடி மூன்று முறை கேட்டார். "பாத்தியாம்மா, முழுசா பாடினா எவ்ளோ நல்லா வருது."

திரையைத் திருப்பிக் காட்டினேன். ஏழாவது வரியில் மட்டும் ஒரு புதுத் துண்டு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாடினவங்கன்னு உங்க அக்கா பேரையே போட்டுடலாம்," என்றார். அப்புறம்தான் அக்கா அவரிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னாள்.

ஜூன் 9, திங்கள்

நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது. அவளுக்கா!

ஜூன் 14, சனி

பாட்டு வெளிவந்துவிட்டது. அம்மா நாலு தடவை போட்டுக் கேட்டாள். எங்கே மாற்றினேன் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஏழாவது வரி வந்தபோது அக்கா மட்டும் என் கையைக் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவிடமிருந்து போன். "நாலு வார்த்தைதான் பேசலாமாம். அடுத்த பாட்டு எப்போ?"

குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை மைக்கை நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும்.