சோபாவின் இடது ஓரம்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேலையிலும் குறை இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாம் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரி வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. பதறாதே, யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. இதைப் போனில் சொல்லாமல் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் இந்த மனுஷர் என்று கேட்பாய். நம் வீட்டில் உன் அம்மா காதுக்கு எட்டாத மூலை ஒன்று உண்டா சொல்லு, படுத்த இடத்திலிருந்தே பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லுகிறவள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் நோண்டுகிறாள். அதனால்தான் சமையலறை மேஜையில், காய்கறி நறுக்குகிற சாக்கில் எழுதுகிறேன். அவளுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிப் பெண் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறது. நல்ல பெண், கொஞ்சம் அதட்டல் ஜாஸ்தி.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன வாரம் கேட்டாய், அம்மாவுக்கு வாங்கி அனுப்பின, கண்ணை மூடி மாட்டிக்கொள்கிற அந்த ஹெட்செட் நன்றாக உபயோகமாக இருக்கிறதே, அப்பாவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், இல்லை அதற்குப் பதில் இந்த லீவில் நேரில் வரட்டுமா, இரண்டும் இந்த வருஷம் முடியாது, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று. தலை நரைக்கிற வரைக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடையில் நின்றவனிடம் கேட்டிருக்கிறாய், பதிலும் கடைக்காரன் பதிலாகத்தான் வரும். ஒரு பொருள் உபயோகமா இல்லையா என்று வாங்குகிற நாளில் நான் சொன்னதே கிடையாது. சிரித்துக்கொண்டே விற்றுவிட்டு, ஒரு வருஷம் கழித்து ரிப்பேருக்கோ வேறு எதற்கோ அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அது எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஜூஸ் பிழிகிற மெஷின் அலமாரி உச்சியில் ஏறியிருக்கும். உடற்பயிற்சி சைக்கிளில் ஈரத்துண்டு தொங்கும். உன் பார்சல் வந்த அன்றைக்கு இதில் துண்டுகூடக் காயப்போட முடியாதே என்றுதான் நான் சொன்னேன், உன் அம்மா முறைத்தாள். ஆனால் நான் நினைத்த மாதிரி அது பரணுக்குப் போகவில்லை. அவள் தலைமாட்டில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலையே.

உன் மாமா இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர்க் கட்சி. டிராயிங் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர் கையில் இது கிடைத்தால் கேட்க வேண்டுமா, வருகிற போதெல்லாம் மாட்டிக்கொண்டு நம் ஹால் சுவர் முழுக்கக் கையாலேயே படம் போடுகிறார். எனக்கு வெள்ளைச் சுவரும், மாமா காற்றில் கொசு விரட்டுவதும்தான் தெரிகிறது. அத்தான் டிவியையே எதுக்குன்னு கேட்டுக்கிட்டே வித்த ஆளு, அவர்கிட்டப் போய் இதைப் பத்திக் கேக்கறாளே உன் பொண்ணு, என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறார். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர்கள்கூட இதைப் போட்டுப் பழகுகிறார்களாம், எங்கேயோ படித்தாராம். நான் இல்லை என்று சொல்லவில்லையே. உங்கள் ஆபீசில் இன்னும் கட்டாத கட்டடத்தின் சுவர் எங்கே வரும், ஜன்னல் எங்கே வரும் என்று இதைப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாயே, அது எனக்குப் புரிகிறது, இடித்துக் கட்டுவதைவிட அது மேல். ஆனால் வீட்டுக்கு என்று வரும்போது, ஒருத்தர் பார்க்க மற்றவர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பொருளை நான் எந்த வீட்டுக்கும் விற்றதில்லை. அத்தனை விலையும் போட்டு அதைக் கனமாக வேறு செய்திருக்கிறான். கழற்றினால் உன் அம்மா மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு பள்ளம், அதில் தினமும் நான்தான் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். இதுவரைக்கும் எழுதினதெல்லாம் உன் மாமாவோடு போடுகிற வழக்கமான வாய்ச்சண்டைதான். இனிமேல் எழுதுவது மாமாவிடம்கூட நான் பேசாதது.

ஹெட்செட்டுக்குள் நீ வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில், அதில் உன் உருவமாகத் தெரிகிற பொம்மையை உன் அம்மா எங்கே உட்கார வைப்பாள் என்று உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சோபாவின் இடது ஓரத்தில், நீ எப்போதும் காலை மடக்கிக்கொண்டு உட்காருகிற அதே இடத்தில். மடிக்காத துணியெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். நீ வருவதற்கு முன்னால் அதை அள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலில் போடுவாள். துணி மேலேயே உட்காரட்டுமே, அவ என்ன கசக்கவா போறா என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். உனக்கும் ஒரு தம்ளர் டீ போட்டு முன்னால் வைப்பாள், நீ போனபிறகு ஆறின டீயை நான் குடிப்பேன். நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் காலி சோபாவைப் பார்த்துச் சிரிப்பதையும், கையை நீட்டி எதையோ சரிசெய்வதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் முடியைத்தான் ஒதுக்குகிறாள் என்று பிறகு புரிந்தது. சொல்லக் கூடாது, அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பாதி முகம்தான் வெளியே தெரியும், அந்தப் பாதியே போதும்.

அவள் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து எப்படி எழுந்திருப்பாள் என்று நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் தோளில் கையை ஊன்றி, ஒரு பெருமூச்சு விட்டு, மொத்தப் பாரத்தையும் போட்டு எழுவாள். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது, அம்மா நான் என்ன உனக்குக் கைப்பிடிச் சுவரா என்று கத்துவாய். பல் டாக்டர் வீட்டில் முன்பின் தெரியாத ஒரு ஆள் தோளில் ஊன்றி எழுந்து, அவர் வலியோடு வலியாக இவளை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்ட கதையைச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது காலிங்பெல் அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள் உன் அம்மா எழுந்தாள். எப்போதும்போல இடது கையை உன் தோளில் ஊன்றினாள். தோள் அங்கே இல்லை. ஊன்றின வேகத்தில் அப்படியே சரிந்து, சோபாவின் மரக்கையில் இடுப்பு அடித்துக் கீழே விழுந்தாள். ஹெட்செட் கழன்று டீப்பாய்க்கு அடியில் போயிற்று. நான் ஓடிப்போய்த் தூக்கப் போனால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, சார்ஜ் போயிடுச்சுன்னு அவளுக்கு மெசேஜ் அனுப்புங்க, பயந்துக்கப் போறா, என்பதுதான். நானும் அனுப்பினேன். பாத்ரூமில் வழுக்கினது, சின்னக் கீறல், கட்டுப் போட்டாயிற்று என்று பிறகு உனக்குச் சொன்னதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்து நான் ஒப்பித்தது. உடைந்தது இடுப்பு எலும்பு, அம்மாடி. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தோளை நல்லாப் பாத்துத்தாங்க கையை வெச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்காக நீ உன்னையே திட்டிக்கொள்ளாதே. விழுவதற்கு என்று எந்தப் பெண்ணும் அம்மாவுக்குப் பொருள் வாங்கி அனுப்புவதில்லை. நான் உன்மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். முதல் நாள் அந்த ஹெட்செட்டை முகத்துக்கு நேரே பிடித்து அப்படித் திரும்பு, இப்படித் திரும்பு என்று நீ சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பதிந்துகொண்டதே, ஞாபகம் இருக்கிறதா. அந்த முகத்தைத்தான் நீ இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கன்னம் உப்பி, கொண்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற அம்மா. படுத்தபடி பேசினாலும் அந்தப் பொம்மை நிமிர்ந்துதான் இருக்குமாம், அதையும் மாமாதான் பெருமையாகச் சொன்னார். இப்போது இங்கே இருக்கிற அம்மாவுக்குக் கொண்டை கிடையாது, படுக்கையில் சிக்குப் பிடிக்கிறது என்று கழுத்தோடு வெட்டியாயிற்று. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். போன் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய், அது நன்றாகத்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தலையணைகளை முட்டுக்கொடுத்து அவளைச் சாய்த்து, அவள் கழுத்து அந்தக் கனத்தைத் தாங்காமல் ஹெட்செட்டைப் பின்னாலிருந்து நான் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ, அம்மா முன்னைவிட நீ நல்லா இருக்கே, அப்ப நான் அடுத்த வருஷமே வரேனே, என்று சொல்லியிருக்கிறாய். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை, இவள் ஆமாம் ஆமாம் அவசரமில்லை என்று சொன்னது கேட்டது. கழற்றினபிறகு, பாத்தீங்களா, அவளுக்கு ஒண்ணுமே தெரியல, என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள், பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி. நான் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகையால் கடைக்காரன் தீர்ப்பைக் கேட்டுக்கொள். உன் பொருள் உபயோகமானதுதான். உன் மாமாவுக்குப் பொழுது போகிறது, உன் ஆபீசில் வேலை நடக்கிறது. உன் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய உபயோகம், உன்னிடமிருந்து ஒளிந்துகொள்ள அதைப்போல ஒரு மறைப்பு அவளுக்கு வேறு எங்கேயும் கிடைக்காது. எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பினால் நானும் ஒளிந்துகொள்ளலாம், மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நன்றாக இருக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

முந்தாநாள் பிசியோதெரபிப் பெண் முதல் தடவையாக அவளை சோபாவில் கொண்டுவந்து உட்கார வைத்தது. நான் போய் இடது ஓரத்தில், உன் இடத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது வாக்கரைத்தான் பிடிக்கணும், வேற எதையும் பிடிக்கக் கூடாது என்று அந்தப் பெண் அதட்டிக்கொண்டே இருக்க, இவள் கை தானாக வந்து என் தோளில் ஊன்றியது. நான் பாரத்துக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷமாக அந்தக் கை எவ்வளவு கனக்கும் என்று என் தோளுக்குத் தெரியும். கனமே இல்லை, வாலு. கை வைத்திருக்கிறாளா எடுத்துவிட்டாளா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அவள் சாய்ந்தால் உன்னுடைய அந்த இல்லாத தோளே தாங்கிவிடும் போல இருக்கிறது.

அந்தப் பெண் அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பார். பார்த்தபிறகு அடுத்த வருஷம் என்ற பேச்சு உன் வாயில் வராது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் வைக்கிறேன். நான் எழுதினதாக அவளிடம் மூச்சு விடாதே, லீவு கிடைத்தது என்று மட்டும் சொல். அவளுக்குப் பிடித்ததை வாங்குகிறேன், உபயோகமானதை வாங்குகிறேன் என்று கடை கடையாக அலையாதே. வெறும் கையோடு வா. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், ஆபீஸ் நாற்காலியில் கூன் போடாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எங்களுடைய ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. சோபாவின் இடது ஓரத்தில் மறுபடி துணி சேர்ந்திருக்கிறது. நீ வருகிற தேதியைச் சொன்னால் எடுத்து வைக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா