பொத்தேரியா, கோயம்புத்தூரா

9 ஜூலை 1991, செவ்வாய்

மகள் உமாவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பொத்தேரியில், மற்றது கோயம்புத்தூரில். இரண்டையும் நேரில் பார்த்துவந்தவன் நான். மரநிழல், நூலகம், எங்கள் வீடிருக்கும் இரும்புலியூரிலிருந்து ஒரே பஸ் என்று பொத்தேரியின் சிறப்புகளை முறையாக எடுத்துரைத்தேன்.

"அதெல்லாம் சரிப்பா. ஆனா ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு தினம் மத்தியானம் கேரியரோட கேட்ல வந்து நிப்பீங்க. ஸ்கூல்ல நின்னதே போதும். நான் கோயம்புத்தூர் போறேன்," என்றாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்தகைய அவதூறுக்குப் பதிலுரைப்பது என் தகுதிக்குக் குறைவு. கோயம்புத்தூர்ப் படிவத்தில் கையொப்பமிட்டேன். பேனாவை எடுத்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டும் கூடவே வந்தது. பொத்தேரிக் காவலாளியிடம் மதிய உணவு வேளையைக் கேட்டு நான் குறித்துவைத்தது. நல்லவேளை, உமா பார்க்கவில்லை.