மூலைக்கு வைத்த துண்டுகள்

இயேசு மரி சூசை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
10.06.2024

விஜிலாவுக்கு, அம்புரோஸ் தண்டல் மனைவி பிலோமி எழுதுவது.

பாட்டி பேசிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. நீ ஸ்ரீவைகுண்டத்து ஆவுடையப்பனைக் கட்டிய அன்று, இனி உன்னோடு பேச மாட்டேன் என்று மாதா முன்னால் சொன்னது சொன்னதுதான். எழுதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சாங்கிளாஸ் படித்தது இதற்காவது ஆகட்டும்.

உன் தாத்தா படம் கெட்டுப்போச்சு. தண்டலாக நின்று கொழும்புக்குத் தோணி ஓட்டின மனுசன், செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துபோய் நிற்கிறார். கடற்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் மூக்கு போய்விடும். ஸ்டுடியோவில் கேட்டால், "பிளெக்ஸ்ல அடிச்சித் தாரேன் பாட்டி" என்கிறான். தெருமுனை பேனரையா நடுவீட்டில் மாட்டுவது?

நீ கோயம்புத்தூரில் வீட்டிலேயே பிரிண்ட் மிஷின் வைத்து, கண்காட்சிக்கெல்லாம் படம் போடுகிறாயாம். உன் அக்கா டயானா சொன்னாள். செப்டம்பரில் தாத்தாவுக்கு ஆண்டுப் பூசை. அதற்குள் போட்டு அனுப்பு. பழைய படத்தைக் கண்ணாடியோடு கொரியரில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அ. பிலோமி

கோயம்புத்தூர்
21.06.2024

அன்புள்ள பாட்டிக்கு விஜிலா எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக்கூட நேராகக் கிழிக்க வரவில்லை எனக்கு.

கண்ணாடியை எடுக்காமலே ஸ்கேன் பண்ணிவிட்டேன். தாத்தா முகம் முழுசாக இருக்கிறது, நிறம்தான் போய்விட்டது. மிஷினுக்கு நிறம் தெரியாது, நான் சொல்ல வேண்டும். சட்டை என்ன நிறம்? தாத்தா எவ்வளவு கறுப்பு? நான் பார்த்ததெல்லாம் நரைத்த தாத்தாவைத்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. நம் வீட்டில் கல்யாணம் ஆன எல்லாருடைய படமும் நடுவீட்டுச் சுவரில் இருக்கிறது. எங்கள் படம் மட்டும் இல்லை. அதையும் போட்டு அனுப்பட்டுமா?

உங்கள் பேத்தி,
விஜிலா

திரேஸ்புரம்
01.07.2024

விஜிலாவுக்கு,

சட்டை இளம்பச்சை, கொழும்பில் எடுத்த துணி. தாத்தா நல்ல கறுப்பு. கல்யாணத்தன்று பவுடர் அப்பியும் அந்தக் கறுப்பு அடங்கவில்லை. வெளுப்பாக்கினாயோ, திருப்பி அனுப்பிவிடுவேன். நெற்றியில் இருப்பது தோணிக் கயிறு அறுத்த தழும்பு. தூசி என்று நினைத்து அழித்துவிடாதே.

நீ கேட்ட மற்றது வேண்டாம். என் சுவர், என் ஆணி.

அ. பிலோமி

கோயம்புத்தூர்
20.07.2024

அன்புள்ள பாட்டி,

இத்துடன் தாத்தா படம். பருத்தியில் செய்த காகிதம் இது. முதலில் போட்டதெல்லாம் சாம்பல் பூசினது போல வந்தது. தாத்தாவின் கறுப்பு பிடிபடவில்லை. பார்த்தால், மிஷினில் வேறு காகிதத்தின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மாற்றியபிறகு அந்தக் கறுப்பு அப்படியே இறங்கியது. மை நன்றாகக் காயட்டும் என்று விரித்து வைத்திருந்துதான் அனுப்புகிறேன். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், மேலே விரல் பட வேண்டாம்.

விஜிலா

திரேஸ்புரம்
05.08.2024

விஜிலாவுக்கு,

இன்று மாதா கோயில் திருவிழா. பொய் எழுதக் கூடாது. படம் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டு மெட்டில்டா வாசலில் நின்றபடியே, "இப்பத்தான் கரையேறி வந்த மாதிரில்லா இருக்காவ அண்ணாச்சி" என்றாள்.

இருந்தது என்று ஏன் எழுதினேன் என்றால், கண்ணாடியால்தானே பழைய படம் கெட்டது என்று இதைக் கண்ணாடி போடாமல் மாட்டினேன். சனிக்கிழமை எல்லாப் படத்தையும் ஈரத்துணியால் துடைப்பது நம் வீட்டு வழக்கம். துடைத்தேன். தாத்தாவின் கன்னம் துணியோடு வந்துவிட்டது. விரல் படக் கூடாது என்றுதான் எழுதினாய், துணியைப் பற்றி எழுதவில்லை. தப்பு உன்னுடையது. இன்னொன்று போடு.

பிறகு, படத்தின் மூலைகள் மடங்காமல் இருக்கத் துண்டுக் காகிதங்கள் வைத்திருந்தாயே, அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில் பட்டுச் சேலை. ஒன்றில் மோதிரம் போட்ட உன் கை. ஒன்றில் கடுக்கன் போட்ட காது. "ஏளா பிலோமி, இது யாரு காது?" என்று மெட்டில்டா கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அ. பிலோமி

கோயம்புத்தூர்
19.08.2024

அன்புள்ள பாட்டி,

அது அவர் காதுதான்.

நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, எப்போதும் எங்கள் கல்யாணப் படத்தைத்தான் துண்டு துண்டாகப் போட்டுப் பார்ப்பேன். வெள்ளை வேட்டி, பட்டு, நகை, இரண்டு பேர் தோல் நிறம், எல்லாம் அதில் இருக்கிறது. பார்சல் கட்டும்போது கைக்குக் கிடைத்த துண்டுகளை மூலைக்கு வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. குப்பையில் போட்டுவிடுங்கள். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

தாத்தாவை இந்தத் தடவை சட்டம் போட்டே அனுப்புகிறேன். சுற்றிலும் அட்டை வைத்திருப்பதால் கண்ணாடி படத்தில் ஒட்டாது. சனிக்கிழமை தாராளமாகத் துடைக்கலாம். துணியைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள்.

விஜிலா

திரேஸ்புரம்
02.09.2024

என் பேத்தி விஜிலாவுக்கு,

தாத்தா வந்துவிட்டார். துடைத்தும் பார்த்தேன், அசையவில்லை.

உன் துண்டுகளைக் குப்பையில் போடவில்லை. மெட்டில்டாவும் நானும் சோற்றுப்பசை தடவி ஓர் அட்டையில் ஒட்டினோம். அவனுக்கு ஒரு காதும் தோளும்தான் இருக்கிறது. உனக்குப் பாதி முகம் வந்தது, வாய் இல்லை. "பிள்ளை சிரிக்காளா அழுவாளா?" என்று இவள் கேட்டாள். நான் அன்றைக்கு வரவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

முழுசாகப் போடு. தாத்தா படத்தின் அளவு, அதே காகிதம், அதே அட்டை. உன்னை வெளுப்பாக்காதே, அவனையும் ஆக்காதே.

கொரியர் வேண்டாம். இருபத்தி நாலாம் தேதி பூசைக்கு வரும்போது கையில் கொண்டு வா. டயானா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்று. எனக்கு எட்டவில்லை, அந்தக் காதுக்காரன் வந்து மாட்டட்டும்.

பேச மாட்டேன் என்று மாதாவிடம் சொன்னது சொன்னதுதான். நீ பேசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் பாட்டி