அடுத்தவர் ஊதிய மூச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் அவரவர் பழைய வலிகளோடு சுகமாக இருக்கிறோம், புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. நீ சுகமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று பட்டென்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் வேறு மாதிரி கேட்கிறேன், இந்த வாரம் எத்தனை வேளை உட்கார்ந்து சாப்பிட்டாய்? விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றபடி விழுங்கியதெல்லாம் சாப்பாட்டில் சேராது. உன் அப்பா ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் கண்டக்டர் வேலையை விட்டபாடில்லை. நம் கட்டடத்து லிஃப்டில் ஏறினால் கதவோரமாக நின்றுகொண்டு "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள நல்லா இடம் இருக்கு" என்கிறார். மூன்று பேர் நிற்கிற லிஃப்டில் எங்கே போய்த் தள்ளி நிற்பது? மூன்றாம் மாடிப் பல் டாக்டர் இப்போதெல்லாம் படியேறியே போகிறார், உடம்புக்கு நல்லது என்று என்னிடம் சொன்னார், எனக்குக் காரணம் தெரியும். துணி துவைக்கிற மெஷின் பழையபடி ஆடி ஆடி நடந்து குளியலறைக் கதவு வரை வந்துவிடுகிறது, அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இப்போது என் உடற்பயிற்சி. பயிற்சியாளரைப் பெற்றவள் சும்மா இருக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் பத்து நிமிஷம் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசினாய். பெற்றவளிடம் வானிலை அறிக்கை வாசிக்கிற பெண் மனசுக்குள் எதையோ மூடி வைத்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கடைசியில் உன் கோல்கீப்பர் கதை வெளியே வந்தது, நீ நெட்டையன் என்று செல்லமாகச் சொல்வாயே, அவன்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்து பிடிபட்டபோது நீ உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினாய், ஒருவன் குடித்துவிட்டு வந்தால் அணி முழுவதும் முப்பது சுற்று ஓட வேண்டும் என்று. அதற்குப் பிறகு ஒருவனும் பிடிபடவில்லை, "பாத்தியாம்மா, இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாய். போன வாரம் அவன் நேராகப் போய் கோல் கம்பத்தில் மோதிப் புருவம் கிழிந்த பிறகுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. அந்தப் பையன்களே அவனைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டி, சென்ட் அடித்து, வாயில் ஏதேதோ மெல்லக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவனால் எழுந்திருக்கவே முடியாத நாட்களில் மாற்று கோல்கீப்பருக்கு அவன் சட்டையையும் தொப்பியையும் மாட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு சாண் உயர வித்தியாசமாம். பந்து கோட்டைத் தாண்டியது அரை விரற்கடை என்று நடுவரோடு மல்லுக்கு நிற்கிற என் மகளுக்கு ஒரு சாண் கண்ணில் படவில்லை! இப்போது கல்லூரிக் கமிட்டி கூடப்போகிறது, அடியாத மாடு படியாது என்கிற கட்சிக்காரரான உங்கள் விளையாட்டு அதிகாரி அவனை அணியிலிருந்தும் விடுதியிலிருந்தும் நீக்கச் சொல்கிறார், உனக்கோ மாதக் கடைசியில் இறுதி ஆட்டம். "நீ என்னம்மா செய்வே" என்று கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, கடிதம் வந்து சேர ஒரு வாரம் போதும் என்று பார்த்துத்தான் உட்கார்ந்தேன். கடிதத்தில் ஒரு வசதி, நீ நடுவில் விசில் ஊத முடியாது.

கால்பந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ உடைத்த ஜன்னல் கண்ணாடிகளின் வரலாறு மட்டும்தான். ஆனால் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் சாவி ஜன்னலில் உட்கார்ந்தவள் நான். விடிகாலையில் ஒவ்வொரு டிரைவரும் வந்து ஊதிப் பார்க்கும் கருவியில் ஊத வேண்டும், எண் பூஜ்யம் காட்டினால்தான் பலகையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுப்பேன். ஆரம்பத்தில் நேருக்கு நேர்தான் இருந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்னோடு சண்டைக்கு வந்ததால் நடுவில் ஒரு மரத்தடுப்பு வைத்தார்கள். ரப்பர் குழாய் அந்தப் பக்கம், எண் இந்தப் பக்கம், சாவி கொடுக்க ஒரு கை நுழைகிற ஓட்டை. யாருடைய முகமும் தெரியாது, எனக்கும் நிம்மதி. அதோடு நின்றேனா? ஒரு டிரைவர் பிடிபட்டால் அந்த ஷிப்ட் முழுவதற்கும் வார விடுமுறை ரத்து என்று ஒரு விதி போடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். அந்த மகா யோசனை உன் அம்மாவுடையதுதான், தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்! மூன்று மாதம் பூஜ்யம், பூஜ்யம், எல்லாமே பூஜ்யம். மேலாளர் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார், உன்னைப் போலவே நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஆறு வயதில் அப்பா ஏணியிலிருந்து விழுந்து முட்டி உடைந்தது என்று சொன்னோமே, அந்த ஏணி ஒரு பாவமும் அறியாது. அப்பாவைத் தள்ளிவிட்டதற்காக நீ அதைக் காலால் உதைத்து உன் கட்டைவிரலும் வீங்கியது, உங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் கட்டுப் போட்டேன். நடந்தது வேறு. அப்போது உன் மாமாவும் எங்கள் டிப்போவில் டிரைவர், உன் அப்பா அதே வண்டியில் கண்டக்டர். மாமா குடித்துவிட்டு வந்த ஒரு காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழாயை வாங்கி ஊதியது உன் அப்பா. வேலிக்கு ஓணான் சாட்சி! அன்று மட்டுமில்லை, அந்த மூன்று மாதமும் ஒருவருக்கொருவர் ஊதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், யாருக்கும் விடுமுறை போகக் கூடாதே என்று. மூன்றாவது நிறுத்தத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வண்டி நடைபாதையில் ஏறி நிழற்குடைத் தூணில் போய் முட்டியது. நின்றிருந்தவர்கள் சத்தம் கேட்டுச் சிதறி ஓடிவிட்டார்கள், படியில் நின்ற உன் அப்பாவின் கால் மட்டும் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இத்தனை நாள் கழித்து இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன், "எழுது, எழுதினா மட்டும் முட்டி மடங்கவா போவுது" என்றார்.

உன் மாமாவை வேலையை விட்டே துரத்த வேண்டும் என்று டிப்போவிலேயே அதிகமாகக் குதித்தவள் நான்தான். கூடப்பிறந்தவன் என்றால் கோபம் ஒரு பங்கு கூடத்தானே வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்த உன் அப்பாதான் மேலாளரிடம், "வண்டியைப் புடுங்குங்க சார், ஆளை அனுப்பிடாதீங்க, வீட்டுக்கு அனுப்பினா அங்க பாட்டில் மட்டும்தான் இருக்கும்" என்றார். அப்படியே செய்தார்கள். தடுப்பைப் பிய்த்துப் போட்டார்கள், என் மகா விதியையும் சேர்த்து. மாமா தினமும் ஷிப்ட் நேரத்துக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும், பிறகு வண்டி கழுவும் கொட்டகையில் வேலை, புதன்கிழமைதோறும் டாக்டர். திட்டுவது மருந்தில்லை என்று அந்த டாக்டரம்மா எனக்குத்தான் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு தடவை வழுக்கினான். இரண்டாவது தடவை அவனே வந்து, "அக்கா, இன்னைக்கு ஊதச் சொல்லாதே, நேத்து குடிச்சிட்டேன்" என்றான். சொன்னதால் வேறு யாருக்கும் எதுவும் போகவில்லை, அதனால்தான் சொன்னான். பதினான்கு மாதம் கழித்துச் சாவி கொடுத்தோம், ஓய்வு பெறும் வரை ஓட்டினான். எல்லோருக்கும் இப்படி முடிந்துவிடவில்லை மகளே, பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு டிரைவரையும் இதே மாதிரி கொட்டகையில் போட்டோம், நாலாவது வாரம் வராமல் போனார், நான் தேடிப் போகவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. உன் மாமாவிடம் உன் கோல்கீப்பரைப் பற்றிச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னான், "அந்தப் பையன் ஓடப் பாப்பான்க்கா, மருமகளைப் பின்னாடியே போகச் சொல்லு" என்று.

ஆகவே கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள், பிடிக்காவிட்டால் வழக்கம்போல அப்பாவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல். கதவில் ஒட்டிய தாளைக் கிழி. கூட விளையாடுகிறவன் கஷ்டத்தை உன்னிடம் வந்து சொல்கிறவன் காட்டிக்கொடுப்பவன் இல்லை என்று பையன்களுக்குச் சொல், சொல்வதால் ஒருத்தனும் ஒரு சுற்றுகூட ஓட வேண்டியதில்லை என்றும் சொல். இறுதி ஆட்டத்தில் அவனை கோலில் நிறுத்தாதே, கம்பத்தில் மோதுகிறவன் அடுத்தவன் தலையிலும் மோதுவான். கோப்பை போனால் போகட்டும், அலமாரியில் தூசி துடைக்க ஒன்று குறையும். ஆனால் அணியிலிருந்து அவன் பெயரை அடிக்க விடாதே. தினமும் பயிற்சிக்கு வரட்டும், வலை கட்டட்டும், பந்துக்குக் காற்றடிக்கட்டும், உன் கண் எதிரே இருக்கட்டும். கல்லூரி டாக்டரிடம் முதல் நாள் நீயே கூட்டிக்கொண்டு போ, அங்கே போய் நீயே வைத்தியம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வெளியே உட்கார். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் ஜெயித்த அன்று எடுத்த படம் அனுப்பினாயே, ஜெயித்தால் முதல் கிளாஸைப் பயிற்சியாளர் கையால் கோல்கீப்பருக்கு ஊற்றிக் கொடுப்பது உங்கள் அணி வழக்கம் என்று பெருமையாக எழுதி. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், அவன் மட்டும் கிளாஸைப் பார்க்கிறான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளாக நீ இருக்க வேண்டாம் கண்ணு. அந்த வழக்கத்தை நீயே நிறுத்து, கமிட்டி சொல்லும் வரை காத்திருக்காதே.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். அதற்கு மேல் ஒன்று எழுத வேண்டியிருந்தது, கை வரவில்லை, இன்று எழுதிவிடுகிறேன். போனில் நீ மூன்று தடவை "எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றாய். விபத்து விசாரணையில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன், எண் பூஜ்யம் காட்டியது, முகம் தெரியவில்லை, எனக்கு எதுவும் தெரியாது என்று. எல்லோரும் நம்பினார்கள். ஆனால் முகம்தான் தெரியவில்லை, கை தெரிந்தது. சாவி வாங்க ஓட்டைக்குள் நீண்ட என் தம்பியின் கை. அந்தக் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அது அன்று சாவியைப் பிடிக்கத் தெரியாமல் மேஜையிலேயே கீழே விட்டது. நான் எடுத்துத் திரும்ப அவன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டு அனுப்பினேன். அவன் வேலை போய்விடுமே என்று நினைத்தேன், என் பாராட்டுப் பத்திரத்தையும் நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று படித்து முடித்த பிறகு உன் அப்பாவிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் முட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "எனக்குத் தெரியும், நான் அவன் பக்கத்துலதானே நின்னேன்" என்றார். இருபத்தாறு வருஷமாக அந்தக் காலை இழுத்துக்கொண்டு என் எதிரிலேயே நடந்திருக்கிறார், ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. நான் அழுதேன், ஒளிப்பானேன். அதனால் கமிட்டிக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பையன்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காதே. ஒரு சாண் குள்ளமானவன் உன் கோல்கீப்பர் சட்டையில் ஓடியதை நீ முதல் தடவை பார்த்தது எந்த நாள் என்று உன்னையே கேள். அந்த நாளை கமிட்டியில் நீயே சொல்லிவிடு, அதற்குப் பிறகு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் உன் நெட்டையன் வாங்கிக்கொள்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் நீ பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், என் வாழ்த்து எப்போதும் உன் பக்கம் உண்டு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், கூடவே அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா என்றும் கேட்டார். மறக்காமல் உன் இடது முழங்காலை டாக்டரிடம் காட்டு, இந்த வீட்டில் நொண்டுவதற்கு ஒருவர் போதும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா