எழுபத்திரண்டு கிலோ மூட்டை

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலம் என்றுதான் போனில் சொன்னீர்கள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

கடிதம் பெட்டிக்குள் வருகிறதே என்று ஆச்சரியப்படாதீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே, "இரு, இன்னொரு கால் வருது" என்கிறீர்கள். நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வரும் மாதிரிப் பெட்டியை மட்டும்தான் நீங்கள் உடனே, உங்கள் கையாலேயே பிரிப்பீர்கள். அதனால் இந்த வழி.

குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை. மிஞ்சியதை மறுநாள் டப்பாவில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உங்கள் நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

"சும்மா போய் உட்கார்ந்து பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, புதுக் கிளையைத் தொடங்க நீங்கள் புறப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. பார்த்ததைச் சொல்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் அட்டைப்பெட்டியின் மேல் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பீர்கள். பத்து எண்ணுவீர்கள். பெட்டி நசுங்காவிட்டால் அடிமடிப்பில் கையெழுத்துப் போடுவீர்கள். பத்துப் பேர் இருந்தபோது அது அழகாகத்தான் இருந்தது. இப்போது அறுபது பேர். முதல் பெட்டி பார்சலில் ஏறி உங்களிடம் வந்து, நீங்கள் நின்று பார்த்து, கையெழுத்தோடு திரும்ப மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் மெஷின் சும்மா நிற்கிறது.

போன வாரம் கிடங்கில் ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்தேன். அதன் தலையில் உங்கள் பழைய தொப்பி. களைப்பாக இருந்ததால் அதன்மேல் உட்காரப் போனேன். கோந்து மெஷின்காரர் ஓடி வந்தார். "அய்யோ டீச்சரம்மா, அவரு சின்ன முதலாளி! பெரியவரு மாதிரி சத்தம் போட மாட்டாரு. என்ன, டீதான் வாங்கித் தர மாட்டேங்கிறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, என்னவென்று கேட்டேன்.

மணல் மூட்டை. சரியாக எழுபத்திரண்டு கிலோ. புது எடை மெஷின் வந்த அன்று முதல் ஆளாக ஏறி நின்று, உங்கள் எடையை ஊருக்கே கேட்கும்படி சொன்னீர்களாமே. அதை நினைவில் வைத்திருந்து மூட்டை கட்டியவள் நம் சூப்பர்வைசர். அவசர ஆர்டர் என்றால் உங்களுக்கு அனுப்பாமல், முதல் பெட்டியின் மேல் மூட்டையை ஏற்றிப் பத்து எண்ணுகிறார்கள். இப்படி முப்பத்தோரு ஆர்டர் போயிருக்கிறது. ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை.

உங்களிடம் மறைத்தது தப்புதானே என்று அவளிடம் கேட்டேன். "தப்புதான் டீச்சர். பதினாலு வருஷமா பெட்டி பண்றேன். தொட்டாலே தெரியும், எது நிக்கும், எது உக்காரும்னு. ஆனா நான் ஓகேன்னா எவனும் மெஷினைப் போட மாட்டான். மூட்டை ஓகேன்னா போடுறான். மணல் மேல இருக்கற நம்பிக்கை என் மேல இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். வேறொரு கம்பெனியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. நான் வெளியே போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து, "பேசறவங்க பேரை எழுது" என்பேன். டஸ்டரை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். பேசியவன் அடங்கிவிட்டாலும் அவன் பெயரை லீடரால் அழிக்க முடியாது. வகுப்பே அவளை வெறுத்தது. அவளிடம் வேலையைக் கொடுத்தேன், முடிவைக் கொடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் டஸ்டரையும் கொடுத்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என்ன, நான் திரும்பி வந்தபோது யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது. உங்களுக்கும் வலிக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

இந்தப் பெட்டியின் அடிமடிப்பைப் பாருங்கள். அவள் கையெழுத்து. நான்தான் போடச் சொன்னேன். திங்கட்கிழமையே இந்த ஆர்டரின் சரக்கு முழுக்கப் போய்விட்டது. இது உங்கள் அனுமதிக்காக அனுப்பியதல்ல, நீங்கள் பார்ப்பதற்காக அனுப்பியது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். அவளுக்குச் சனிக்கிழமைக்குள் போன் செய்து, "இனிமே உன் கையெழுத்தே போதும்" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அதற்குப் பிறகு செய்தால் போதும்.

அங்கேயும் பெட்டி மேல் நீங்கள்தானே நிற்கிறீர்கள்? ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம் வந்துடறேன்" என்பதற்குக் காரணம் அதுதான் என்று இப்போதுதான் புரிகிறது. அங்கேயும் யாராவது ஒருத்தர், தொட்டாலே தெரிந்துகொள்பவர், இருப்பார். பாருங்கள்.

இன்னொரு விஷயம். போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்தில் சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. எடை மெஷின் இங்கே அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை வந்து ஏறி நில்லுங்கள். மூட்டையைப் பிரித்து மணலைக் குறைக்கும்படி ஆகிவிடக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எதிர் நாற்காலியில் இருப்பவள்