ஏவாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்

கோல்ஃபீல்ட், மெல்பேர்ண்
24 மார்ச் 2025

அன்புள்ள கௌரிக்கு,

அண்ணா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் ஒரு பக்கம் போட்டுவிடாமல் இவ்வளவு தூரம் வாசித்திருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் என் இலக்கம் வந்தால் நீ எடுப்பதில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. உன் மனுசன் காலமானதே எனக்கு மூன்று மாதம் பிந்தி, கோயிலில் கண்ட ஒருவர் சொல்லித்தான் தெரியும். தெரிந்த பிறகாவது சிட்னிக்கு வந்திருக்கவேணும். வரவில்லை.

ஏவாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. இந்தச் சனவரியோடு ஆங்கிலமும் போய்விட்டது. பதின்மூன்று வயதில் இந்த நாட்டில் கால் வைத்ததிலிருந்து வாயில் எடுக்காத ஹங்கேரிய மொழி மட்டும்தான் இப்போது அவளிடம் இருக்கிறது. எனக்கோ அதில் ஒரு சொல்லும் தெரியாது. பசிக்கிறதா, எங்கேயாவது நோகிறதா என்று விளங்காமல் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் இருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே யூத முதியவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பகல் பராமரிப்பு, வீட்டுக்கு வந்து உதவ ஆட்கள், ஒரு முதியோர் இல்லம் எல்லாம் அவர்களுடைய உதவியில்தான் நடக்கிறது. அங்கே போகச் சொல்லி எங்கள் டொக்டர் இரண்டு வருடம் முந்தியே சொன்னார். நான் போகவில்லை. கலியாணம் முடித்த கிழமையே ஏவா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். "என் பெயரை எந்தப் பட்டியலிலும் எழுதிக் கொடுக்காதே." உலக யுத்தத்தில், புடாபெஸ்ட்டில் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தகப்பனை யூதர் பட்டியலில் பெயர் பார்த்துத்தான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. தாய் பெயரை மாற்றிச் சொல்லி மகளைக் காப்பாற்றினா. அதனால் இந்த நாட்டிலும் ஏவா ஒரு யூதச் சங்கத்திலும் சேரவில்லை, ஒரு பண்டிகைக்கும் போகவில்லை.

போன மாதம் நான் அந்த அறக்கட்டளையின் படிவத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர். பக்கத்துக் கதிரையில் இருந்து ஏவா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யூதர் என்று காட்ட எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அறக்கட்டளையிலிருந்து வந்த யூடித் என்ற பெண் ஹங்கேரிய மொழி தெரிந்தவள். ஐந்து நிமிடம் ஏவாவோடு கதைத்துவிட்டு, காகிதம் தேவையில்லை என்றாள். செவ்வாயும் வியாழனும் பகலில் அவள் வருகிறாள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஏப்ரல் 29 எனக்கு நெஞ்சில் ஒபரேசன். மூன்று இடத்தில் அடைப்பாம். மூன்று கிழமைக்கு ஏவாவோடு வீட்டில் ஒருவர் இருக்கவேணும். பிள்ளைகளும் இல்லை எங்களுக்கு. நீ நாற்பது வருடம் தாதியாக இருந்தவள். வருவாயா?

அண்ணா
சச்சிதானந்தன்

*

வென்ட்வேர்த்வில், சிட்னி
2 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன்.

உங்கள் கலியாணச் செய்தி வீட்டுக்கு வந்த கிழமை எனக்கு நாள் குறித்திருந்தது. நினைவிருக்குமோ தெரியாது. ஐந்து வயது மூத்த வெள்ளைக்காரியைக் கட்டினவனின் தங்கை வேண்டாம் என்று சாவகச்சேரி மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் எங்கள் ஐயா என் சாதகத்தைக் கொண்டு திரிந்தார். முப்பத்தாறு வயதில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இப்போது மூன்று கிழமை கேட்கிறீர்கள்.

எனக்கு முழங்கால் வருத்தம். குளிர் தொடங்கும் நேரத்தில் மெல்பேர்ணுக்கு வர ஏலாது.

உங்கள் மனைவிக்குக் குளியலறைக் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். தன் முகத்தைத் தெரியாமல் பயப்படுவா. ஷவரைத் திறக்கவேண்டாம். தலைக்கு மேலிருந்து தண்ணீர் விழுவது இப்படியானவர்களுக்குப் பெரிய பயம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து முதலில் கையைத் துடையுங்கள். பிறகு மற்றது.

ஒபரேசனைத் தள்ளிப்போடவேண்டாம்.

சிவகௌரி

*

கோல்ஃபீல்ட்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள கௌரி,

நீ எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. எழுத வெட்கமாக இருந்தது, அதனால் எழுதாமல் விட்டேன். பிறகு எழுதாமல் விட்டதே இன்னும் பெரிய வெட்கமாகிவிட்டது.

துணி நனைத்துத் துடைத்தேன். இரண்டு நாள் விட்டாள். மூன்றாம் நாள் கையை ஓங்கி என் முகத்தில் அடித்தாள்.

சனவரியிலிருந்து என்னை 'பாச்சி' என்று கூப்பிடுகிறாள். சச்சி என்பதுதான் வாயில் இப்படி வருகிறது, மொழி போனாலும் என் பெயர் நிற்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். யூடித்திடமும் பெருமையாகச் சொன்னேன். அவள்தான் விளக்கினாள். அவர்களுடைய மொழியில் முன்பின் தெரியாத வயதான ஆம்பிளையைச் சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

சனிக்கிழமை நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, ஏவா முன்கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். வெறுங்கால். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெடிச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு எங்கள் இருவரையும் தெரியாது. பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள். அவளில் பிழையில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். "இந்த அம்மா உங்களுக்கு யார்?" என்று கேட்டார்கள். மனைவி என்றேன். அத்தாட்சி கேட்டார்கள். சுவரிலிருந்த கலியாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். அதை வாங்கி ஏவாவிடம் காட்டி, என்னையும் காட்டி, "இவர்தானா?" என்று கேட்டான் ஒருவன். ஏவா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டிவிட்டு அவனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

நான் கூப்பிட, யூடித் வந்து விளக்கித்தான் அவர்களை அனுப்பினாள். இல்லத்தில் ஹங்கேரியர் இருக்கும் மாடியில் ஓர் இடம் வரப்போகிறதாம், ஏவாவுக்குத் தர அறக்கட்டளை சம்மதமாம். கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வரமாட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒபரேசனையும் வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன்.

இதை வேறு ஒருவருக்கும் எழுத ஏலாது. வீட்டில் அவளுடைய மருந்துக் குளிசையும் என்னுடையதும் நிறைய இருக்கின்றன. நேற்று அவற்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒன்றாகவே முடிந்துபோனால் ஒருவருக்கும் கரைச்சலில்லை என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏவா எழும்பிவிட்டாள்.

நீ பதில் எழுதவேண்டுமென்றில்லை.

சச்சி அண்ணா

*

வென்ட்வேர்த்வில்
10 ஏப்ரல் 2025

அண்ணா,

காலமையிலிருந்து நாலு தரம் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அறக்கட்டளைக்கு அடித்து அந்த யூடித்தைப் பிடித்தேன். இதை எழுதும்போது அவ உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறா. குளிசை எல்லாவற்றையும் அவவின் கையில் கொடுங்கள். டொக்டரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் எனக்கு எழுதினதை அப்படியே சொல்லவேணும், ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஒபரேசன் அதே நாளில்தான். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விமானத்தில் வாறன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். நாற்பத்துநாலு வருடமாக உங்களோடு கோபமாக இருக்கிறேன். இன்னும் கோபம்தான். ஆனால் கோபப்பட எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கௌரி

*

கோல்ஃபீல்ட்
10 மே 2025

அன்புள்ள அண்ணா,

எனக்குத் தடிமனும் இருமலும். இந்த நிலையில் உங்கள் வார்டுக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் யூடித்தின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தையல் நன்றாகக் காய்வதாகச் சொன்னா. மூச்சுப் பயிற்சியைப் பஞ்சிப்படாமல் செய்யுங்கள்.

நீங்கள் ஒபரேசனுக்கு முதல் நாள் கையெழுத்து வைத்தபடி, மச்சாளைச் செவ்வாய்க்கிழமை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காரில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. நல்ல வெளிச்சமான அறை. அதே மாடியில் இன்னும் ஆறு பேர் அவவின் மொழி கதைக்கினம். அவர்களுக்கு நடுவில் போய் இருந்ததும், ஏதோ பாதியில் விட்ட கதையைத் தொடர்வதுபோலக் கதைக்கத் தொடங்கிவிட்டா.

நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் யூதரின் வழக்கப்படி அங்கே மெழுகுதிரி ஏற்றினார்கள். நான் இருமலோடு வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒருவரும் சொல்லாமலே மச்சாள் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தா. அது அவர்களுடைய செபமாம், ஒரு சொல்லும் பிசகவில்லையாம். யூடித் அழுதுவிட்டா. இதை நீங்கள் ஒருநாளும் கண்டதில்லை என்று எனக்குத் தெரியும். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை புலம்பினீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

மற்றதையும் சொல்லத்தான் வேணும். அங்கே போன பிறகு அவ ஒருதரமும் அழவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. சாப்பிடுகிறா. ஆனால் பக்கத்து அறைக்காரரின் மகன் நேற்று மத்தியானம் உள்ளே வர, தெரியாத ஆம்பிளை என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினா. பொறுப்புத் தாதி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டா, சுகமாகி வந்த பிறகும் அண்ணா இங்கே வருவதைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போட ஏலுமா என்று. தாதியாக நின்று கேட்டால் அவ சொன்னது சரி. அதனால் ஓம் என்றேன். உங்கள் தங்கையாக இதை எப்படி எழுதுவதென்று மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன்.

என்னில் கோபமென்றால் கோபியுங்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து நடமாடும்வரை நான் சிட்னிக்குப் போகமாட்டேன்.

உங்கள் தங்கை
கௌரி

*

கோல்ஃபீல்ட்
24 யூலை 2025

அன்புள்ள கௌரிக்கு,

நீ போய் ஒரு மாதம். பிரீசரில் அடுக்கிவிட்டுப் போன கறி போன கிழமையோடு முடிந்தது. இப்போது நானே பருப்பு வைக்கிறேன்.

நீ இருந்தபோது நான் ஒருநாளும் இல்லத்துக்குப் போகவில்லை. நீ போன பிறகும் தெருவின் மற்றப் பக்கத்தில் நின்று யன்னலைப் பார்த்துவிட்டு வருவேன். யூடித் ஒருநாள் கண்டுவிட்டாள். ஏசவில்லை. வியாழக்கிழமைகளில் தேத்தண்ணி கொடுக்கத் தொண்டர் குறைவு, வருகிறீர்களா என்று கேட்டாள். நீல ஏப்ரனைப் போட்டுக்கொண்டு தள்ளுவண்டியோடு வருபவருக்கு அங்கே ஒருவரும் பயப்படுவதில்லையாம்.

மூன்று வியாழன் போய்விட்டேன். முதல் தரம் சோசரில் தேத்தண்ணியைச் சிந்திவிட்டேன். ஏவா துடைத்துவிட்டாள். பயப்படவில்லை. சீனி போடாமல் கொடுத்தேன், நாற்பத்துநாலு வருடம் அவள் அப்படித்தான் குடித்தவள். இப்போது இரண்டு கரண்டி கேட்கிறாள்.

இன்றைக்கு வழக்கத்தைவிட நல்ல கலகலப்பு. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "உங்களுக்குக் கலியாணமாகிவிட்டதா என்று கேட்கிறா" என்றாள் யூடித். ஓம் என்று தலையாட்டினேன். ஏவா கொஞ்சம் கண்டிப்பாக எதையோ சொன்னாள். யூடித் சொல்லித்தான் விளங்கியது.

"அப்ப இங்கே என்ன செய்கிறீர்கள்? நேரத்தோடு வீட்டுக்குப் போங்கோ. அவ பார்த்துக்கொண்டு இருப்பா."

சரி, போறன் என்று தமிழிலேயே சொன்னேன். வண்டியைக் குசினியில் விட்டு, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னால் இன்னும் எட்டுப் பேருக்குத் தேத்தண்ணி கொடுக்க இருந்தது. யூடித் கொடுத்திருப்பாள்.

வீட்டுக்கு வரும்போது மூன்றரை மணி. உடுப்பு மாற்றவில்லை. வந்த கையோடு உனக்கு எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். முழங்கால் விட்டால் அதற்கு முந்தி ஒருக்கால் வா, கௌரி.

அண்ணா